தையல் ஓரத்தில் நீர்க்கசிவு: சிவப்பு விளக்கைக் காட்டலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. பத்து வருடங்களாகச் சர்க்கரை இருக்கிறது. மாதவிடாய் நின்று பல வருடங்கள் கழித்து ரத்தப்போக்கு ஏற்பட்டதால், அடிவயிற்றில் குறுக்காகத் திறந்து கருப்பையை எடுத்தார்கள். இன்றோடு 18 நாள் ஆகிறது. 12ஆம் நாள் தையல் பிரித்தபோது நன்றாகத்தான் இருந்தது. நான்கு நாட்களாக ஒரு ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வாய் திறந்து லேசாக நீர் கசிகிறது. காய்ச்சல் இல்லை. உறவினர் ஒருவர், முகப்பொலிவுக்காகத் தான் வாங்கிய சிவப்பு எல்.இ.டி. பேனலைக் கொடுத்திருக்கிறார். "நாசாவே கண்டுபிடித்தது, தினமும் 20 நிமிடம் காட்டினால் சீக்கிரம் ஆறிவிடும்" என்கிறார். காட்டலாமா? எவ்வளவு தூரத்தில், எத்தனை நிமிடம்? கட்டைப் பிரித்துவிட்டுக் காட்ட வேண்டுமா? தழும்பும் மறையும் என்கிறார்களே, உண்மையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விளக்கைப் பற்றி நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி விளக்கைப் பற்றியதல்ல. "நான்கு நாட்களாக நீர் கசிகிறது" என்ற வரிதான். அதை ஆபரேஷன் செய்த டாக்டரிடம் சொல்லிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சொல்லவில்லை என்றால், இன்றே போன் செய்து சொல்லுங்கள். அவர் பார்க்கும் வரை பேனல் பெட்டியிலேயே இருக்கட்டும்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு அடிவயிற்றுத் தையலின் ஓரம் இப்படி லேசாகத் திறப்பது அடிக்கடி பார்க்கிற விஷயம், பெரும்பாலும் நல்லபடியாக ஆறிவிடும். ஆனால் ஏன் திறந்தது என்று தெரிய வேண்டும். தோலுக்கு அடியில் கொழுப்புப் படலத்தில் நீர் தேங்கி, வழி தேடி வெளியே வந்திருக்கலாம். உள்ளே கரையாமல் நிற்கிற ஒரு நூல்முடிச்சு உறுத்திக்கொண்டிருக்கலாம். சிறிய அளவில் கிருமித்தொற்று தொடங்கியிருக்கலாம். காய்ச்சல் இல்லை என்பதை மட்டும் வைத்துத் தொற்று இல்லை என்று முடிவு செய்ய முடியாது, சர்க்கரை உள்ளவர்களுக்குக் காய்ச்சல் பிந்தி வருவதும் உண்டு, வராமலே போவதும் உண்டு. அறுவை சிகிச்சைக் காயத்தில் தொற்று வருகிறதா என்று 30 நாள் வரை கவனிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அம்மா இன்னும் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறார்.

டாக்டர் என்ன செய்வார் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அங்கே போய் நீங்கள் பதறக்கூடாது. சுத்தமான ஒரு பஞ்சுக்குச்சியை அந்த வாய்க்குள் மெல்ல விட்டு எவ்வளவு ஆழம் என்று பார்ப்பார். வெளியே நகம் அளவு தெரிவது உள்ளே இரண்டு சென்டிமீட்டர் நீளப் பள்ளமாக இருக்கலாம், வெறும் தோல் அளவிலும் இருக்கலாம். பள்ளம் இருந்தால் வாயை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்துவிடுவார். "மூட வேண்டியதைத் திறக்கிறாரே" என்று வீட்டில் எல்லோரும் கலங்குவது இந்த இடத்தில்தான். மேல்வாய் முதலில் மூடிக்கொண்டால் உள்ளே நீர் சிறைப்பட்டுச் சீழாக மாறும். அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வர வேண்டும் என்பதற்காகவே திறந்து வைக்கிறார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே, ஆழம் பார்க்காமல் மேல்தோலைச் சீக்கிரம் மூடவைக்கும் எந்த வைத்தியத்தையும் நான் விரும்பமாட்டேன், அது விளக்கானாலும் சரி, களிம்பானாலும் சரி.

அதுவரை நீங்களாக அதை அமுக்கிப் பிதுக்க வேண்டாம். எந்தப் பொடியும் தூவ வேண்டாம்.

போன் செய்து காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டிய நிலைகளும் உண்டு. இளஞ்சிவப்பு நிறத்தில் தண்ணீர் போன்ற திரவம் திடீரென்று நிறைய வந்து கட்டை நனைத்தால், அது தோலுக்குக் கீழே உள்ள வயிற்றுச் சுவரின் தையல் விட்டுக்கொண்டிருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். அப்போது அம்மாவை முழங்காலை மடக்கிப் படுக்க வைத்து, சுத்தமான ஈரத்துணியால் மூடி, ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்க வேண்டாம். சிவப்பு மணிக்கு மணி பரவுவது, துர்நாற்றம், நாளுக்கு நாள் கூடுகிற வலி, குளிர்நடுக்கம், சர்க்கரை காரணமில்லாமல் எகிறுவது, இவற்றில் எதைப் பார்த்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பயாப்ஸி முடிவு வந்துவிட்டதா? மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு வந்து கருப்பையை எடுத்தால், அதைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். பெரும்பாலும் சாதாரணமான முடிவே வரும். ஆனால் அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி, டாக்டர் படித்துச் சொல்லும் வரை அந்தப் பகுதியில் ஒளி சிகிச்சை தொடங்கக்கூடாது. செல்களைத் தூண்டும் ஒளியைப் புற்றுநோய் இருக்கிற, அல்லது இருக்கலாம் என்று சந்தேகிக்கிற இடத்தில் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் காட்டுவதில்லை என்பது இந்தத் துறையின் அடிப்படை எச்சரிக்கை. கேடு நிச்சயம் என்பதால் அல்ல, பொறுத்திருப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை என்பதால்.

சரி, இப்போது விளக்குக்கு வருகிறேன்.

உங்கள் உறவினர் சொன்னதில் பாதி உண்மை. 1990களில் விண்வெளியில் செடி வளர்க்க நாசாவின் ஆதரவில் எல்.இ.டி. விளக்குகளை உருவாக்கினார்கள். அந்த வகை விளக்கைக் காயத்துக்குப் பயன்படுத்த முடியுமா என்று விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் ஹாரி வீலன் தலைமையிலான குழு ஆராய்ந்து, 2001ல் முடிவுகளை வெளியிட்டது. ஆனால் யோசனை அதற்கும் மிகப் பழையது. முதல் லேசர் 1960ல் வந்தது. 1967ல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், முடி மழித்த எலிகளின் தோலில் வலு குறைந்த ரூபி லேசரைக் காட்டிப் பார்த்தார். ஒளி பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் வளர்ந்தது. அங்கிருந்துதான் அவர் ஆறாத புண்களுக்கு அதைப் பயன்படுத்திப் பார்க்கப் போனார். இன்று இதற்கு ஃபோட்டோபயோமாடுலேஷன் என்று பெயர். முன்பு குறைதிறன் லேசர் சிகிச்சை என்றார்கள்.

இதற்குப் பயன்படுவது இரண்டு வகை ஒளி. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு, அலைநீளம் ஏறக்குறைய 630 முதல் 660 நானோமீட்டர் வரை. கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு, பெரும்பாலும் 800 முதல் 850 வரை. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் பகுதியான மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்ஸிடேஸ் என்ற நொதி இருக்கிறது. மூச்சில் வந்த ஆக்ஸிஜனைக் கடைசியாகப் பயன்படுத்திச் சக்தி எடுக்கும் சங்கிலியில் அதுவும் ஒரு கண்ணி. இந்த ஒளியை அது உறிஞ்சுகிறது என்றும், அதனால் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யின் உற்பத்தி கூடுகிறது என்றும், அதோடு ஒட்டியிருக்கும் நைட்ரிக் ஆக்ஸைடு விடுபட்டு நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிகின்றன என்றும் விளக்குகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் ஒளி பட்டதும் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதத்தை நெய்யும் செல்கள் சுறுசுறுப்பாவது பலமுறை பார்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே இது வெறும் நம்பிக்கை வைத்தியம் அல்ல, உடலுக்குள் ஏதோ நடக்கிறது.

ஆனால் மனிதர்களின் காயத்தில் எவ்வளவு பயன் என்று வரும்போது நிலைமை சீராக இல்லை. ஒரு விஷயத்தில் சான்று வலுவாக இருக்கிறது: கீமோதெரபி, ரேடியேஷன் எடுப்பவர்களுக்கு வாய்க்குள் வரும் கடுமையான புண்ணைத் தடுப்பது. சிகிச்சைகளை மதிப்பிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018ல் அதை ஏற்றது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆதரவு சிகிச்சை வழிகாட்டு நெறிகளும் அதைப் பரிந்துரைக்கின்றன. படுக்கைப்புண்ணுக்கு ஒளி சிகிச்சை பற்றி 2014ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்போ, பயன் உண்டா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று முடித்தது. அறுவை சிகிச்சைக் காயங்களில் நடந்த பரிசோதனைகள் பெரும்பாலும் சிறியவை. சிலவற்றில் வலி குறைந்திருக்கிறது, சிலவற்றில் தழும்பு கொஞ்சம் மென்மையாக இருந்திருக்கிறது. ஆனால் ஒருவர் பயன்படுத்திய ஒளி இன்னொருவர் பயன்படுத்தியது அல்ல. அலைநீளம் வேறு, அளவு வேறு, எத்தனை நாள் என்பதும் வேறு. அதனால் எல்லாவற்றையும் கூட்டி ஒரே பதிலாகச் சொல்ல முடியவில்லை.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் வீண்தானா?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். மற்றதெல்லாம் சரியாக இருக்கும் காயத்துக்கு இது சிறிதளவு உதவக்கூடும் என்பது என் கருத்து. கொத்தனாரைச் சுறுசுறுப்பாக்கினாலும் செங்கல் இல்லாமல் சுவர் எழும்பாது. புரதம், ஆக்ஸிஜன், கட்டுப்பாட்டில் உள்ள சர்க்கரை, கிருமியில்லாத புண், இவைதான் செங்கல். இவை குறைந்த இடத்தில் ஒளி தனியாக எதையும் சாதிக்காது.

இன்னொரு வரம்பையும் சொல்ல வேண்டும். சிவப்பு ஒளி தோலில் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்களிலேயே தேய்ந்துவிடும். அண்மை அகச்சிவப்பு இன்னும் ஆழம் போகும், ஆனாலும் ஆழம் கூடக்கூட மிகச் சிறிய பங்கே மிஞ்சும். அம்மாவின் அடிவயிற்றில் தோலுக்குக் கீழே கொழுப்புப் படலம், அதற்கும் கீழேதான் வயிற்றுச் சுவரைத் தாங்கும் தையல். எந்தத் தையல் விட்டால் ஆபத்தோ, அந்த அடுக்குக்கு முகப் பேனலின் ஒளி எட்டவே எட்டாது. அதனால்தான் மேலே தோல் நன்றாகத் தெரிகிறது என்று பாரம் தூக்கக்கூடாது என்கிறோம். மூன்று வாரத்தில் காயத்தின் பலம் பழைய தோலில் ஏறக்குறைய 20 முதல் 30 சதவீதம்தான். மூன்று மாதத்தில் சுமார் 80 சதவீதம் வரை வரும், அதற்கு மேல் பொதுவாகக் கூடுவதில்லை. விளக்கு வைத்தாலும் வைக்காவிட்டாலும் இந்தக் காலக்கணக்கை நம்பியே நடந்துகொள்ள வேண்டும்.

அடுத்து நீங்கள் கேட்ட நிமிடமும் தூரமும். "20 நிமிடம்" என்று யாராவது சொன்னால், எந்த விளக்கில், எவ்வளவு தூரத்தில் என்று திருப்பிக் கேளுங்கள். நிமிடம் மட்டும் ஓர் அளவே அல்ல. தோலின் ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை மில்லிவாட் ஒளி விழுகிறது, அதை எத்தனை விநாடி காட்டுகிறோம், இரண்டையும் பெருக்கினால் வருவது மில்லிஜூல், அதை ஆயிரத்தால் வகுத்தால் ஜூல். காயங்களுக்கான பரிசோதனைகளில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4 ஜூல் போன்ற சிறிய அளவுகளே அதிகம் பயன்பட்டிருக்கின்றன. உங்கள் பேனலிலிருந்து தோலில் 20 மில்லிவாட் விழுந்தால் 4 ஜூலுக்கு 200 விநாடி போதும். 100 மில்லிவாட் விழுந்தால் 40 விநாடி. அதே 100 மில்லிவாட் விளக்கை 20 நிமிடம் காட்டினால் 120 ஜூல் ஆகிவிடும், அதாவது முப்பது மடங்கு.

கூடினால் என்ன என்று நினைக்கக்கூடாது. இந்தச் சிகிச்சையில் அளவுக்கும் பலனுக்கும் உள்ள உறவு ஏறி இறங்கும் மேடு போன்றது. குறைந்தால் பலன் இல்லை, சரியான அளவில் பலன், அதைத் தாண்டினால் பலன் மறைந்து, செல்லின் வேலையே மந்தமாகக்கூடும். வீட்டு விளக்குகளைப் பற்றி எனக்கு இருக்கும் பெரிய கவலை இதுதான். அக்கறையுள்ள மகளோ மகனோ, சீக்கிரம் ஆறட்டும் என்று காலையும் மாலையும் அரை மணி நேரம் காட்டுகிறார்கள். அன்பு கூடக்கூட அளவும் கூடிவிடுகிறது.

பெட்டியில் போட்டிருக்கும் "300 வாட்" என்பது விளக்கு இழுக்கும் மின்சாரமாகவோ, எல்லா பல்புகளின் மொத்தத் திறனாகவோ இருக்கும். அதை வைத்து மேலே சொன்ன கணக்கைப் போட முடியாது. இத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் இத்தனை மில்லிவாட் என்று கையேட்டில் எழுதியிருக்கிறதா பாருங்கள். அலைநீளமும் நானோமீட்டரில் எழுதியிருக்க வேண்டும். இரண்டும் இல்லாத விளக்கைத் திறந்த புண்ணுக்குப் பயன்படுத்த நான் சம்மதிக்கமாட்டேன். அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் பெயர் போட்டிருந்தால் எதற்காக அனுமதி என்று படியுங்கள். முக விளக்குகளுக்கு அது பெரும்பாலும் சுருக்கத்துக்கும் முகப்பருவுக்கும் கொடுத்த அனுமதியாகத்தான் இருக்கும். அறுவை சிகிச்சைக் காயத்துக்கு அதை நீட்டிக்க முடியாது.

உங்கள் பேனல் முகத்துக்கானது என்பதால், அதில் நீல ஒளிக்கான பட்டனும் இருக்கலாம். அதைத் தொடவே வேண்டாம். நீல ஒளிக்கு முகப்பருக் கிருமியைக் குறைக்கும் குணம் உண்டு என்பதால் "புண்ணுக்கும் கிருமி போகும்" என்று யாராவது சொல்லலாம். ஆறிக்கொண்டிருக்கும் புண்ணில் வீட்டில் செய்து பார்க்கிற வேலை அல்ல அது. புற ஊதாக் கிருமிநாசினி விளக்கு இன்னும் மோசம், தோலையும் கண்ணையும் சுட்டுவிடும். உடம்பு வலிக்கு வைக்கிற சூடு தரும் சிவப்பு பல்பும் இந்தச் சிகிச்சை அல்ல. அது வெறும் சூடு. பார்வைக்கு எல்லாம் சிவப்பாக இருப்பதால் இவற்றைக் குழப்பிக்கொண்டு, மரத்துப்போன தோலில் கொப்புளம் வரவைத்துக்கொள்பவர்கள் உண்டு. அம்மாவுக்கும் தழும்பைச் சுற்றி மரத்திருக்கும், ஏனென்றால் குறுக்காக வெட்டும்போது தோலின் சிறு நரம்புகள் அறுபடும், உணர்வு திரும்ப மாதங்கள் ஆகும். சர்க்கரையும் சேர்ந்திருக்கிறது. "சுட்டால் சொல்லுங்கள் அம்மா" என்று சொல்லி நம்பியிருக்க முடியாது. உங்கள் சொந்தக் கையை அதே தூரத்தில் வைத்துப் பாருங்கள். தெளிவாகச் சூடு தெரிந்தால் அந்தத் தூரம் ஆகாது.

டாக்டர் பார்த்து, தொற்று இல்லை, பள்ளம் ஆழமில்லை, ரிப்போர்ட் சாதாரணம், விளக்கு வைக்கலாம் என்று சொன்னால் மட்டும் இனிச் சொல்வது பொருந்தும். விளக்குக்காகத் தனியாகக் கட்டைப் பிரிக்க வேண்டாம். ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் புதிதாக வளர்ந்த மெல்லிய தோல் கட்டோடு ஒட்டிக்கொண்டு வரலாம், புண் குளிர்ந்துவிடும், கை பட்டுக் கிருமி போகும். வழக்கமாகக் கட்டு மாற்றும் நேரத்திலேயே, பழைய கட்டை எடுத்துச் சுத்தம் செய்த பிறகு, புதியதை வைப்பதற்கு முன் காட்டிவிடுங்கள். காஸ் துணி ஒளியை நிறையத் தடுக்கும் என்பதால் கட்டின் மேல் காட்டிப் பயனில்லை. அயோடின் மருந்தின் பழுப்பு நிறமோ களிம்போ புண்ணின் மேல் இருந்தாலும் ஒளி அதிலேயே நின்றுவிடும். பேனல் தோலில் படக்கூடாது. முகத்துக்குப் பயன்படுத்திய பேனல் என்பதால் முதலில் அதைக் கிருமிநீக்கித் துடைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் தோல் நல்ல கறுப்பு என்றால் தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஒளியை அதிகம் உறிஞ்சிச் சூடேறும், அதனால் குறைந்த அளவிலிருந்து தொடங்க வேண்டும்.

கண்ணைப் பற்றிப் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். பேனலில் அகச்சிவப்பு பல்புகளும் இருந்தால், எரியும்போதும் அவை அணைந்தது போலவோ மங்கலாகவோ தெரியும். பிரகாசம் தெரியாததால் கண் தானாக மூடிக்கொள்ளாது. அதை உற்றுப் பார்க்கக்கூடாது, அம்மாவும் சரி, கிட்டே இருக்கும் நீங்களும் சரி. அதற்கென்று உள்ள கண்ணாடி அணிவது நல்லது. பிசியோதெரபி நிலையத்தில் லேசரால் செய்வதாக இருந்தால் கண்ணாடி கட்டாயம். அங்கே பயன்படுத்துவது பெரும்பாலும் கண்ணை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடிய 3பி அல்லது 4ஆம் வகை லேசர்.

மாத்திரைச் சீட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள். டாக்ஸிசைக்ளின், அமியோடரோன், ஹைட்ரோகுளோரோதயஸைடு போன்ற மருந்துகள் தோலை ஒளிக்குக் கூச்சமாக்கும். இவற்றின் தொல்லை முக்கியமாகப் புற ஊதாவில்தான், சிவப்பில் குறைவு. ஆனாலும் கேட்டுக்கொள்வது நல்லது. உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோய் இருந்தால் சொல்லியே ஆக வேண்டும்.

எத்தனை நாள் காட்டுவது? வாரத்தில் மூன்று முறை போதும், இரண்டு மூன்று வாரம் பாருங்கள். வாரத்துக்கு ஒருமுறை அதே வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் போட்டோ எடுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்குப் புண் பெரிதாகிறதா சிறிதாகிறதா என்று சரியாகத் தெரியாது. இரண்டு வாரத்தில் அளவு குறையவில்லை என்றால் நிமிடத்தைக் கூட்டாதீர்கள், விளக்கை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போட்டோக்களைக் காட்டுங்கள்.

அப்புறம், விளக்கைவிட அதிகம் வேலை செய்யும் என்று நான் நம்புகிற ஒன்று இருக்கிறது. குறுக்குத் தையலின் ஓரங்கள் அடிவயிற்று மடிப்புக்குள் புதைந்திருக்கும். உட்கார்ந்தால் மடிப்பு மூடிக்கொள்ளும், வியர்வை அங்கேயே நிற்கும், தோல் ஊறி வெளுத்துப்போகும். அம்மாவுக்கு நடுவில் ஆறி ஓரத்தில் திறந்திருக்கிறது என்பதைப் படித்ததும் எனக்கு முதலில் இதுதான் தோன்றியது. ஒரு நாளில் சில முறை அவரை மல்லாந்து படுக்க வைத்து மடிப்பை விரித்துக் காற்றாட விடுங்கள். மற்ற நேரத்தில் மெல்லிய, உலர்ந்த பருத்தித் துணியை மடிப்பில் வைத்து, ஈரமானதும் மாற்றுங்கள். குளித்த பிறகு தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். உள்ளாடையின் எலாஸ்டிக் சரியாகத் தழும்பின் மேல் அழுத்துகிறதா என்றும் பாருங்கள். இடுப்புக்கு மேலே ஏறி நிற்கும் தளர்வான உள்ளாடை நல்லது.

சர்க்கரையைச் சோதித்து எழுதி வையுங்கள். தொடர்ந்து 200க்கு மேல் நின்றால், கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் சரியாக வேலை செய்யாது, கொலாஜனும் சரியாக உருவாகாது. ஆபரேஷனால் உடலுக்கு ஏற்படும் பளுவில் பழைய மாத்திரை அளவு போதாமல் போவது சகஜம். சில வாரங்களுக்கு இன்சுலின் போடச் சொன்னால் தயங்க வேண்டாம், பெரும்பாலும் அது தற்காலிகம்தான். பசி இல்லை என்று அம்மா குறைவாகச் சாப்பிடுகிறாரா என்றும் கவனியுங்கள். ஆபரேஷன் முடிந்த உடலுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒன்றரை கிராம் புரதம் தினமும் தேவை என்று சத்துணவு வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. 60 கிலோ என்றால் 90 கிராம். சர்க்கரைக்குப் பயந்து மொத்தச் சாப்பாட்டையும் குறைப்பவர்கள் இந்த அளவை எட்டுவதே இல்லை. சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் மட்டும் அளவை டாக்டர் முடிவு செய்யட்டும். இருமும்போதும் தும்மும்போதும் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆறு வாரம் வரை கனமான எதையும் தூக்க வேண்டாம்.

கடைசியாகத் தழும்பு. எந்த ஒளியும் தழும்பை மறைக்காது. எல்லாத் தழும்பும் முதல் இரண்டு மூன்று மாதங்கள் சிவந்தோ கறுத்தோ தடித்தோ இருந்து, பிறகு ஒரு வருடத்துக்கு மேலாகவும் மெல்லமெல்ல மங்கும். அந்த நேரத்தில் என்ன தடவினாலும், எந்த விளக்கைக் காட்டினாலும், பெயர் அதற்கே போகும். புண் முழுவதும் மூடி, கசிவு நின்ற பிறகு சிலிகான் ஷீட்டோ சிலிகான் ஜெல்லோ தொடங்கலாம். நாளில் 12 மணி நேரத்துக்கும் மேல், இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து வைத்தால்தான் பலன் தெரியும். தழும்பு வெட்டின கோட்டைத் தாண்டிப் பக்கத்துத் தோலிலும் வளர்ந்தால் அது கீலாய்டு. அதற்குத் தழும்புக்குள்ளேயே போடும் ஊசி இருக்கிறது, தோல் மருத்துவரைப் பாருங்கள்.

டாக்டரிடம் பேசும்போது, "18ஆம் நாள், ஓரத்தில் வாய் திறந்திருக்கிறது, நான்கு நாளாகக் கசிகிறது, சர்க்கரை இவ்வளவு, ஒரு நாளைக்கு இத்தனை முறை கட்டு நனைகிறது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். நீரின் நிறத்தையும் சொல்லுங்கள். கட்டோடு ஒரு போட்டோவும், கட்டில்லாமல் ஒரு போட்டோவும் அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது. விளக்கு வைக்கலாமா என்ற கேள்வியைப் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கேட்ட பிறகு கேளுங்கள்.